வேனுக்கு ஜாமீன்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். எட்டு மணிக்கு வேனின் கதவைத் தொட முடியவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வந்தேன், புரோக்கர் இல்லாமல். வாசலிலேயே ஒருவன் பிடித்துக்கொண்டான். "இன்னா சார் வேல? லைசென்சா, பேர் மாத்தறதா?" ஆர்.சி. புக் தொலைந்துவிட்டது, நகல் வாங்க வேண்டும் என்றேன். "நீ ஒண்ணியும் அலைய வாணாம் சார். வூட்ல போய் குந்து, நான் பாத்துக்கறேன்." எம்.டெக். படித்தவனுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப இன்னொருவன் எதற்கு? ஆனாலும் என் நம்பரை வாங்கிக்கொண்டுதான் விட்டான்.

கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினார். கேட்டவை:
- விண்ணப்பம். கையில் இருக்கிறது.
- தொலைந்ததற்குப் போலீஸ் அறிக்கை. ஆன்லைனில் எடுத்தாயிற்று.
- பிரமாணப் பத்திரம். எழுதத் தெரியும்.
- இன்டெம்னிட்டி பாண்டு, ஒரு ஜாமீன்தாரர் கையெழுத்தோடு.

கடைசியதுதான் புதிது. பழைய புக்கை வைத்துக்கொண்டு நாளை எவனாவது "வண்டி என்னுது" என்று வந்து நின்றால் நானும் ஜாமீன்தாரரும் பொறுப்பு. அவர் பெயரில் சொந்த வீடோ கடையோ இருக்க வேண்டும், வரி ரசீதோடு. "உங்கள நல்லா தெரிஞ்சவங்களா பாத்துக் கூட்டிட்டு வாங்க சார்."

இத்தனை வருடம் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறேன். ஒரு கையெழுத்துக்கா பஞ்சம்?

இந்த மாதத்தோடு வேனின் பதிவு முடிகிறது. அதற்குள் புக் கைக்கு வந்தால் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் காயலான் கடை. வேன் போனால் திருமுடிவாக்கம் வேலையும் போகும். சோதனை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய் இரும்பின் தரம் பார்த்துச் சொல்வது. என் யோசனை, என் இயந்திரம். முதலாளியின் மருமகனுக்கு எது வார்ப்பு, எது வெல்டிங் என்று என்னைப் பாடம் நடத்தவைத்து, பிறகு அவனையே மேனேஜர் என்று கூப்பிடச் சொன்ன கம்பெனியிலிருந்து வந்தவன் நான். இனி யாருக்கும் சலாம் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

ஜாமீனுக்கு யார்?

1. மைத்துனன் சுரேஷ். சேலையூரில் சொந்த ஃபிளாட். வீடு மாற்ற வேனை வாங்கிப் போனவன் இவன். வேன் திரும்பி வந்தது, புக் வரவில்லை. இவன்தான் போட வேண்டும்.
2. ரகு, மாடம்பாக்கம். கல்லூரித் தோழன். கோயில் பக்கம் மாடி வீடு. என் நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் செய்தவன்.
3. மூன்றாம் வீட்டு வங்கி மேலாளர், ஓய்வு. மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர் விட்டார். பெட்டிஷன் எழுதினேன். வேண்டாம்.
4. எதிர்வீட்டு டாக்டர். ஜெனரேட்டர் சத்தம். எழுதினேன். வேண்டாம்.
5. காதர் பாய், பக்கத்து ஹார்டுவேர் கடை. கடைப் படிக்கட்டு ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. எழுதினேன். வந்து இடித்தார்கள். ஏழு வருடமாகப் பேச்சில்லை.

முதல் இரண்டு பேரே போதும்.

சுரேஷுக்குப் போன். "கையெழுத்துன்னா பரவால்ல மாமா. ஜாமீன்னு வேற சொல்றீங்க. ஃபிளாட் லோன்ல இருக்கு. எதுக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"புக்கைத் தொலைக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டியா?"

வைத்துவிட்டான். வசந்தி கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். "எங்க வீட்டு ஆளுங்கன்னா மட்டும் உங்க வாய்க்குப் பூட்டே கெடையாதா?" இரவு உப்புமா. எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே.

ஜூன் 12, வியாழன்

அதே வெயில். ஸ்கூட்டரில் மாடம்பாக்கம்.

ரகு நன்றாகத்தான் வரவேற்றான். காபி, முறுக்கு, மகனின் வெளிநாட்டுப் படங்கள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. "தப்பா நெனைக்காதடா. எதுலயும் கையெழுத்து போடாதீங்கன்னு ஆடிட்டர் சொல்லிட்டார்."

"ஆடிட்டரா, உன் பொண்டாட்டியா?"

சமையலறையில் யாரோ சிரித்தார்கள். ரகுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெருவுல ஒருத்தர் விடாம எல்லார் மேலயும் பெட்டிஷன் போட்டவன் நீ. நாளைக்கு என் மேலயே போட மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான பயம். அவன் மாடிப்படி ரோட்டில்தான் இறங்குகிறது. உள்ளே போகும்போதே பார்த்தேன்.

வீடு திரும்புவதற்குள் புரோக்கர் போன். "இன்னும் ஜாமீன் ஆள் கெடைக்கல இல்ல? நம்மாண்ட கீது சார். ரசீதோட வந்து நிப்பான்."

"என்னைப் பார்த்ததே இல்லையே அவன்?"

"அதான் சார் போடுவான்."

முடியாது என்றேன். சொன்னதில் சந்தேகமே இல்லை. காசுக்கு என்னைத் தெரிந்தவன் எனக்கு வேண்டாம். ஆள் கிடைப்பான். நான் யாரையும் ஏமாற்றியவனில்லை.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது.

பத்து மணிக்குக் கேட்டருகே காதர் பாய். "சார், அக்கா வந்து எங்க வூட்ல சொல்லிட்டுப் போனாங்களாம், ஜாமீன் விஷயம்."

ஏழு வருடத்தில் முதல் பேச்சு. வசந்தியைத் திரும்பிப் பார்த்தேன். கொடியில் துணி காயப்போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

"நான் கேக்கச் சொல்லல பாய்."

"தெரியும். நீங்க எங்க கேக்கப் போறீங்க. வண்டிய பாக்கலாமா?"

வேன் என் கேட்டுக்குள் நுழையாது. அதனால் தெருவில், அவர் கடை ஷட்டருக்கு முன்னால் நிற்கிறது. தெரு பொது. அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். மூன்றாவது முறை கிளம்பியது. புகை அவர் கடைக்குள்ளேயே போனது.

"பாண்டுல சேசிஸ் நம்பர் எழுதியிருப்பீங்களே. அதையும் நான் என் கண்ணால பாக்கணும்."

சீட்டைத் தூக்கினால் ஒரே துரு. கடையிலிருந்து மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டுவந்து அவரே தேய்க்க ஆரம்பித்தார். முரட்டுக் கை. "அப்படித் தேச்சா நம்பரே போயிடும், குடுங்க" என்று பிடுங்கி நான் தேய்த்தேன். அவர் டார்ச் பிடித்தார். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினேன். ஒரு தலை நுழையவே கஷ்டமான இடத்தில் இரண்டு தலை. எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்தன. நான் படிக்க, அவர் பாண்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். இரண்டு முறை. வியாபாரி.

"எதுக்கு போடறீங்க பாய்?"

"ரெண்டு மாசமா என் ஷட்டர மறைச்சிகினு நிக்குது சார். பேப்பர் இருந்தா ஓடும். ஓடற வண்டி இங்க நிக்குமா?"

ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம். பாசம், பழக்கம் என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஜூன் 16, திங்கள்

இருவரும் ஸ்கூட்டரில் தாம்பரம். சானடோரியம் வரும்போது "சிக்னல் சார்" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நோட்டரி வயதானவர், அவசரமில்லாதவர். பாயைப் பார்த்து, "இவர எவ்ளோ நாளா தெரியும்?"

"கடை வெச்சதுல இருந்தே தெரியும். ஏழு வருஷமா பேசறதில்ல."

நோட்டரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பேசறதே இல்லயா? அப்புறம் எப்படிய்யா ஜாமீன்?"

காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

பாய் சொன்னார்: "என் கடைப் படி மேல நெறைய பேர் பெட்டிஷன் போட்டாங்க சார். எல்லாம் மொட்டைக் கடுதாசி. எதிர்ல பாத்தா 'இன்னா பாய், நல்லாகீறியா'ம்பாங்க. இவர் ஒருத்தர்தான் பேரு, டோர் நம்பர், போன் நம்பர் எல்லாம் போட்டு எழுதுனார். ஒரு காப்பிய என் கைலயே கொண்டாந்து குடுத்தார். அதுல இருந்ததும் நெஜம். படி ரோட்லதான் இருந்துச்சு. இந்த ஆள் வண்டி என்னுதுன்னு எழுதிக் குடுத்தா அவர்துதான்."

நோட்டரி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சீல் விழுந்தது. பாயின் கையெழுத்து என் கையெழுத்துக்குக் கீழே. தமிழில், கோணலாக.

வெளியே இளநீர். நான்தான் வாங்கினேன். வெயில்.

மொட்டைக் கடுதாசி யார் யார் என்று கேட்டேன். "அத விடுங்க சார்." விட்டேன். ஆனால் ஒருவர் வங்கி மேலாளர். சந்தேகமே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

புக் நகல் வந்தது. வண்டியையும் காட்டியாயிற்று. பதிவு இன்னும் ஐந்து வருடத்துக்கு. சுரேஷ் போன் செய்து, "நான் போடலாம்னுதான் இருந்தேன் மாமா" என்றான். வசந்தி பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்: பொய்.

ஜூன் 30, திங்கள்

விடியும்போது தூறல். வேன் முதல் முறையிலேயே கிளம்பியது. திருமுடிவாக்கத்தில் மூன்று பட்டறை. ஒன்றில் மட்டமான இரும்பு. வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள்.

மாலை திரும்பினால் வேன் நின்ற இடத்தில் புதுப் படி. ஈர சிமெண்ட். இறங்குவதற்கு முன்பே கண்ணில் பட்டது, ரோட்டுக்கு வந்திருக்கிறது. டேப்பை எடுத்து அளந்தேன்.

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "எவ்ளோ சார்?"

"ஆறு இன்ச்."

"எழுதப் போறீங்களா?"

"இன்னும் காயலையே பாய். அதான் நேர்ல சொல்றேன்."

என்னைப் பார்த்தார். படியைப் பார்த்தார். "காலைலயே கொத்தனார்கிட்ட சொன்னேன், அந்த ஆள் வந்து அளப்பார்யான்னு." உள்ளே போய்க் கொத்துக் கரண்டியோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"டேப்ப புடிங்க சார்."

பிடித்தேன்.