மவுஸைத் தொட்டதை நீ சொல்லவில்லை

இன்று காலை அலமாரியின் மேல் கிடந்த பழைய கீபோர்டை இறக்கித் துடைத்தேன். எல்லா எழுத்தும் தெரிகிறது. இடது ஓரத்தில் இருக்கிற டேப் கீயில் மட்டும் எழுத்து அழிந்து வழவழவென்று கிடக்கிறது. உன் விரல் தேய்த்த இடம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகள் சேதி. பெரியவன் மகனுக்குப் பண்டாரவளையில் டீச்சர் வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவன் மகள் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் ஏ எடுத்திருக்கிறாள். ஹாலிஎல கடைவீதியில் என்னை நிறுத்தி விசாரிக்காத ஆள் இல்லை. கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பெரிய பேத்திக்குக் கீழே இப்போது ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இத்தனையும் என் வயிற்று வழி வந்தவை. நீ என் புருஷனின் தங்கை, பிள்ளை இல்லாதவள், தாலியறுந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், என் மகன்களைப் பார்த்துப் பேரப்பிள்ளைகளும் அத்தை என்றே கூப்பிடுகிறவள். அப்படி இருக்க, அந்தப் பெரிய பேத்தியை மட்டும் நீ எப்படி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்?

அவள் வேலைக்குப் போன முதல் வருஷம், லீவில் வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதிவதற்கு அவள் செய்துகொண்டிருந்த புரோகிராம் அதற்குள் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, விலாசம் என்று திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும், எல்லாம் தமிழில். டேப் கீயை அமுக்கினால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகவேண்டும்.

"மவுஸைத் தொடக்கூடாது. கீபோர்டாலயே எல்லாத்தையும் எழுதிப் பாருங்க, அப்பாயி" என்றாள்.

முதலில் நான்தான் உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான். நீ எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். பெயரை எழுதி டேப்பை அமுக்கினேன். தகப்பன் பெயருக்குப் போகாமல் எங்கேயோ அடியில் போய் விழுந்தது. மறுபடி அமுக்கினால் வயதுக்குப் போனது. தப்பு என்னுடையது என்றே நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு எதிலும் முதலில் தோன்றுவது அதுதானே. பேத்தி தேத்தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனாள். சட்டென்று மவுஸைப் பிடித்து அம்பைச் சரியான பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, "முடிச்சிட்டேன் புள்ள" என்றேன். "அப்பாயி கெட்டிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளல் மாலை வரைக்கும் இனித்தது.

அடுத்து நீ உட்கார்ந்தாய். உன் கை நடுக்கத்துக்கு மவுஸ் தோதுப்படாது. அம்பு திரை முழுக்க ஓடும். உனக்கு டேப்பைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு தரம் அமுக்கினாய். அவ்வளவுதான், மலையில் நின்று கத்துகிற மாதிரிக் கத்தினாய்.

"அடியே, இது நெரை தாண்டிப் பாயுதுடி! யாரு நெரை கொடுத்த கங்காணி? கூப்பிடு அவன!"

முப்பது வருஷம் நாம் பக்கத்துப் பக்கத்து நெரையில் கொழுந்து கிள்ளினோம். கங்காணி ஒருத்திக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலை வரிசைக்குள் இன்னொருத்தி கால் வைத்தால் அன்றைக்கு மலையே இரண்டுபடும். பேத்தி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஆமா அத்தை. நான் எந்த வரிசையில பெட்டிய உண்டாக்கினேனோ அந்த வரிசையில போவுது. நம்ம கண்ணுக்குத் தெரியிற வரிசை அதுக்குத் தெரியாது."

"அப்ப கங்காணி நீதான். நெரைய மாத்திக் குடு."

அன்றிலிருந்து மூன்று நாள் நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தீர்கள். உன் விரல் நடுங்கி ஒரு 'க'வுக்கு நாலு 'க' விழுந்தது. உடனே விழுகிற இரண்டாவது தட்டைச் சேர்க்காதபடி அவள் மாற்றினாள். விலாசப் பெட்டிக்குள் போனால் டேப் வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே இடம் விட்டு இடம் விட்டு நகர்ந்தது. "பட்டியில அடைச்ச மாடாட்டம் நிக்குதே, கதவு எங்கடி?" என்றாய். கதவு வைத்தாள். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை என்றாய். நிற்கிற பெட்டியைச் சுற்றி நீலத்தில் தடித்த கோடு போட்டாள். நான் ரொட்டி சுட்டேன், சம்பல் அரைத்தேன். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே தின்றீர்கள். ருசி கூடக் கேட்கவில்லை.

"கை நடுங்குறவளுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா" என்று அடுப்படியிலிருந்து உனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். கேட்டது. நீ டேப்பை இன்னும் பலமாக அமுக்கினாய்.

பேத்தி கம்ப்யூட்டரை உனக்கென்று விட்டுவிட்டுக் கொழும்புக்கு ரயிலேறிய அன்று விறாந்தையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"மதினி, நீங்க மவுஸைத் தொட்டதப் பாத்தேன்."

எனக்கு உடம்பு கூசிப்போனது.

"அவகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன். கெட்டிக்காரின்னு அவ சொன்னப்ப உங்க முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?"

என்னைத் திட்டியிருந்தால் நான் உன்னை வென்றிருப்பேன். நீ சொன்ன சொல் தவறவில்லை, போன ஐப்பசியில் கண்ணை மூடுகிற வரைக்கும். அதிலும் என்னைத் தோற்கடித்தாய்.

இப்போது அவள் கம்பெனியில் எந்தப் புரோகிராம் செய்தாலும் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, கையை வேண்டுமென்றே உதறிக்கொண்டு கீபோர்டாலேயே ஓட்டிப் பார்க்கிறார்களாம். அதற்கு 'அத்தை சோதனை' என்று பெயர். சிங்களப் பிள்ளைகளும் அப்படியேதான் சொல்லுகிறார்களாம். அப்பாயி பெயரில் ஒன்றும் இல்லை.

பொறுக்கமுடியாமல் போன வாரம் போனில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். 

"ஏன் அப்பாயி அன்னைக்கே சொல்லல? கத்துறவங்களால எங்களுக்குத் தப்பு தெரிஞ்சிரும். சத்தமில்லாம சமாளிச்சிட்டுப் போறவங்களாலதான் ஒண்ணுமே தெரியாமப் போவுது. ஆஸ்பத்திரியில உங்கள மாதிரி எத்தனை பேரோ" என்றாள். பிறகு, "அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். சொல்லமாட்டேன்னு சொன்னா. சொல்லவே இல்ல."

போனில் அழுதாள். பொய் சொல்லிவிட்டு இத்தனை வருஷம் குமைந்த எனக்காக இல்லை, உனக்காக. அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

ஒன்று மட்டும் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நான் மவுஸைத் தொடுவதில்லை. எது எங்கே பாய்ந்தாலும் தப்பு என்னுடையது என்று வாயை மூடுவதும் இல்லை. வீடே அதிரக் கத்துகிறேன். "அத்தை வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் கத்தினாலும் பெயர் உனக்குத்தான்.

கத்தும்போது நீ எப்படி இருந்தாய் என்று அடிக்கடி பார்க்கத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் முன்னால் வாயைத் திறந்தபடி நீ இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பேத்தியின் ஆபீஸ் மேசையில் இருக்கிறது. கேட்டால், "தரேன் அப்பாயி" என்கிறாள், ஆனால் தருவதில்லை. என்னிடம் இருப்பது அடையாள அட்டைப் படம். அதில் நீ யாரோ மாதிரி இருக்கிறாய். நீ போயிருக்கிற இடத்தில் படம் எடுக்கிறவர்கள் இருந்தால் புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. கையும் விழுகிற மாதிரி எடு, நடுங்கி மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை. அவள் விலாசத்துக்கு அனுப்பிவிடாதே. எனக்கு அனுப்பு.