சவுனா ஜன்னலில் மூன்று ஆணிகள்

ஜூன் 8, சனி

ராட்னியின் சரளைக் குழியில் துப்பாக்கி சுடும் நாள். கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. மார்லீன் கொண்டுவந்த பாஸ்டி என்ற அடைத்த ரொட்டியில் இறைச்சியைவிடக் கிழங்குதான் அதிகம். ஆனாலும் இரண்டு தின்றேன்.

எர்வின் வழக்கம்போலத் தன் பழைய ராணுவக் கம்பளியை வண்டியின் பின்பலகையில் விரித்தார். போல்ட்டைத் திறந்து, தோட்டா இல்லை என்று காட்டி, துப்பாக்கியை அதன்மேல் வைத்துவிட்டால் அன்றைக்கு அது எல்லாருக்கும் பொது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இவர்களோடு சேர்ந்து இரண்டு வருடமாகியும் என்னுடையதை நான் வைத்ததில்லை. குளிர்காலம் முழுக்க ஓவர்டைம் பார்த்து வாங்கிய பின்லாந்துத் துப்பாக்கி, போர்க்காலத்தது, குழல் கண்ணாடி மாதிரி. கண்டவன் கையில் எதற்குக் கொடுப்பது?

இன்று வைத்தேன். ராட்னி கை தட்டினான். "டேய், டேரல் பொண்டாட்டிய விட்டுட்டு வந்த மாதிரி முழிக்கிறான் பாரு!"

துப்பாக்கிக் கண்காட்சியில் வாங்கிய புதுத் தோட்டாப் பெட்டியையும் பக்கத்தில் திறந்து வைத்து, எல்லார் துப்பாக்கிக்கும் ஒரே அளவுதான், எல்லாரும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தங்கம் மாதிரி மின்னுகிற பித்தளை. மார்லீனிடம் சொந்தமாகத் தோட்டா கிடையாது; செத்துப்போன கணவர் வெய்னின் துப்பாக்கியில் என்னுடையதையே சுட்டாள். ராட்னியும் அள்ளினான், நானும் அதையே சுட்டேன். எர்வின் மட்டும் தொடவில்லை.

"நான் என்னோடதத்தான் சுடுவேன், தம்பி."

அவருடையது தகர டப்பாவிலிருந்து வருகிற, கறுத்துப்போன சரக்கு. அதைப் போட்டு ராட்னியுடையதில் சுட்டார், பிறகு என்னுடையதில். மார்லீனுடையது தோளுக்குக் குட்டை என்று எடுக்கவில்லை. நான் நேராகவே கேட்டேன்: "இது உப்பு மருந்தா? குழலைத் தின்னுடுமே?"

"முப்பது வருசமா சுடறேன். என் குழல் இன்னும் இருக்கு."

இது பதிலா? மிச்சமிருந்த சிலதை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "வச்சுக்கோ, உனக்குப் பழசுன்னாலே பயம்" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

குழலில் எண்ணெய்த் துணி விட்டு இழுத்தேன். வேலை முடிந்தது.

ஜூன் 15, சனி

துரு.

வெல்டிங்கைச் சோதிக்கும் குழாய்க் கேமராவை வேலையிலிருந்து எடுத்து வந்து உள்ளே விட்டேன். சுழல் வரிகளின் ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருக்கிறது. எண்பது வருடம் போரையும் பனியையும் தாங்கின குழல்! ஒரே வாரத்தில்!

பழைய ராணுவத் தோட்டாவின் அடியில் தீப்பொறி கிளப்பும் அடிக்குப்பி வெடித்தால் உப்பு விடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதற்கு எண்ணெய் உதவாது, வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவ வேண்டும் என்று சொல்ல அந்த ஆளுக்கு ஒரு வாய் இல்லையா? கேட்டேனே — கேட்ட பிறகும்!

ஜூன் 16, ஞாயிறு

ராட்னியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான்.

"எனக்கும்டா. துணி விட்டா செம்மண் மாதிரி வருது."

"எர்வின் உன்னோடதுலயும் சுட்டாரு."

"சுட்டாரு. ஆனா அவரு சொல்லாம விடற ஆளில்லடா..."

"அப்ப யாரு, பேயா வந்து சுட்டுச்சு?"

இரண்டு துப்பாக்கி. இரண்டையும் தொட்டது ஒரே ஆள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஏன் என் தோட்டாவைத் தொடவில்லை என்பதும் இப்போது புரிகிறது. தன் துப்பாக்கியில் நல்லதும் போட மாட்டார், அடுத்தவன் துப்பாக்கியில் குப்பையைப் போடுவார்.

ஜூன் 18, செவ்வாய்

போனில் எங்கள் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டேன்: எந்தத் தோட்டா என்று மறைக்கிறவர் இனி கம்பளிக்கு வரக் கூடாது. பெயரும் போட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

எர்வினின் பதில்: "சரி." அவ்வளவுதான். குற்றமில்லாதவன் சண்டை போடுவான் இல்லையா?

ஜூன் 19, புதன்

கம்பளியே அவருடையது என்று ராட்னி நினைவுபடுத்தினான். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 22, சனி

எர்வின்தான் என்று நம்ப ராட்னிக்கு இன்னும் மனசு வரவில்லை. வாய்ப்பேச்சு போதும், சோதித்துக் காட்டிவிடுகிறேன்.

தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டு, வெறும் அடிக்குப்பியை மணல்தாள் போட்டுத் தேய்த்த ஆணியின்மேல் வெடிக்க வைக்க வேண்டும். உப்பு இருந்தால் ஆணி காட்டிக் கொடுக்கும். எர்வின் அன்று என் பையில் போட்டதில் ஒன்று. ஒப்பிட, ஒன்றுமே படாத ஆணி ஒன்று. என்னுடையதிலும் ஒன்று வைத்தேன் — நாளைக்கு யாரும் ஒருதலைப்பட்சம் என்று சொல்லக் கூடாது.

மூன்றையும் எங்கள் நீராவிக் குளியலறையான சவுனாவின் ஜன்னலில் வைத்தாயிற்று. இன்று சனிக்கிழமை, அண்ணன் குடும்பமும் குளிக்க வரும். நீராவிக்குக் குறைவிருக்காது.

ஜூன் 24, திங்கள்

மார்லீன் கூப்பிட்டாள். ஆகஸ்டில் மகன் கடற்படையிலிருந்து விடுப்பில் வருகிறான். அப்பாவின் துப்பாக்கியை அவனிடம் கொடுக்க வேண்டுமாம். துடைக்க எடுத்திருக்கிறாள்.

"டேரல், துணியில டீத்தண்ணி மாதிரி ஏதோ வருதுப்பா. வெய்ன் இருந்தப்ப இப்படி வந்ததே இல்ல. இது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எர்வின் மார்லீனுடையதைத் தொடவில்லை. தொடவே இல்லை. தோளுக்குக் குட்டை என்று விட்டுவிட்டார், நான் பார்த்தேன்.

அப்புறம்? மார்லீன் சுட்டது எதை?

ஜன்னலைப் போய்ப் பார்க்கவில்லை. நாளை பார்க்கலாம்.

ஜூன் 25, செவ்வாய்

எர்வினின் ஆணி பளபளவென்று இருக்கிறது. எதுவும் படாத ஆணியும் அப்படியே.

என்னுடையது கிணற்றிலிருந்து எடுத்தது மாதிரி.

இன்னொரு தோட்டாவைப் பிரித்து, இன்னொரு ஆணி வைத்தேன். ஏன் வைத்தேன்? தெரியாதா எனக்கு?

"துரு பிடிக்க வைக்காத வகை" என்று கண்காட்சியில் விற்றவன் சொன்னான், மின்னியது, நம்பினேன். கறுப்பாக இருந்ததை நம்பவில்லை. மூன்று துப்பாக்கியிலும் இருந்த ஒரே பொதுவான பொருள் என் பெட்டி. அதை மட்டும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வேலையில் இப்படி அறிக்கை கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜூன் 26, புதன்

வேலைக்கு மட்டம். முதலில் மார்லீன் வீடு. அவள் அடுப்பிலேயே வெந்நீர் போட்டு, புனல் வைத்துக் குழலில் ஊற்றினேன். காப்பி நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. துரு போனது. சிறுசிறு பள்ளம் விழுந்திருக்கிறது, அது போகாது. சுடலாம், ஆனால் பழைய குழல் இல்லை. அப்படியே சொன்னேன். என் தோட்டா என்றும் சொன்னேன்.

வெய்னின் துப்பாக்கியை வாங்கி மடியில் வைத்துத் துடைத்தாள். திட்டியிருக்கலாம்.

"எர்வின்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப இங்க என்ன பண்ற? போ."

எர்வின் விறகு பிளந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். கோடரியை நிறுத்தவே இல்லை.

"ஏன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல?" — போயும் போயும் இதைத்தான் கேட்டேன்.

"நான் சொன்னா நம்பியிருப்பியா?"

பிளந்த துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

"கேக்கும்போதே நீ முடிவு பண்ணிட்டுத்தான் கேட்ட. அன்னிக்குக் குழியிலயும் அப்படித்தான்." இன்னொரு கட்டையை நிறுத்தினார். "அதே குழுவுல எழுது. அதே மாதிரி பேரு போட்டு எழுது."

எழுதிவிட்டேன். பெயர்: டேரல் சால்மெலா. ராட்னியுடையதையும் கழுவிக் கொடுத்துவிட்டு இருட்டும்போது வீட்டுக்கு வந்தேன். அவன் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 13, சனி

சரளைக் குழி. எர்வின் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. வந்தார். கம்பளியை விரித்தார். முதலில் தன்னுடையதை வைத்தார்.

என்னுடையதையும் வைத்தேன். மதியம் வரை யாரும் எடுக்கவில்லை. ராட்னி கொஞ்சம் தேறிவிட்டான்: ஆளுக்கு ஒரு ஆணி கொடுத்து, "டேரல் கூட கை குலுக்கறதுக்கு முன்னாடி சோதிச்சுக்கோங்க" என்றான். மார்லீன்கூடச் சிரித்தாள். அவள் இன்று துப்பாக்கி கொண்டுவரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு எர்வின் என் துப்பாக்கியை எடுத்தார். குழலை வெயிலுக்குக் காட்டி உள்ளே பார்த்தார். அப்படியே என் கையில் கொடுத்து, தகர டப்பாவிலிருந்து கறுத்த தோட்டா ஒன்றையும் மேலே வைத்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில வச்சுப் பாத்துட்டு, அடுத்த மாசம் சுடு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அங்கேயே போட்டுச் சுட்டேன். "இன்னொன்னு கொடுங்க" என்றேன். டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அவர் சரக்குக்குத் தேவையே இல்லை என்று தெரியும். தெரிந்தும்தான் கழுவினேன், ஜூனில் கழுவாமல் விட்டதற்காக.