தட்டில் பட்ட கை

மே 21, திங்கள்

என் மனைவி மப்ரூக்காவுக்குத் துக்கம் இல்லையாம். ஆஸ்பத்திரி முத்திரையோடு சொல்லிவிட்டார்கள். அறுபத்து மூன்றுக்கு நான்கு.

டாக்டர் அனீஸ் லியோனில் படித்துவிட்டு வந்து, மனம் சோர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரப் பேச்சு வைத்தியம் நடத்தி, பலன் இருக்கிறதா என்று ஆராய்கிறார். அதில் சேர அவருடைய அளவுகோலில் இருபத்தெட்டுக்கு மேல் வரவேண்டும். இருபத்தொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. ஜூன் கடைசியோடு ஆள் சேர்ப்பு முடிகிறது. மாத்திரை எழுதும் டாக்டர்கள் இரண்டு பேரிடம் ஏற்கெனவே காட்டியாயிற்று. இதை விட்டால் எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் வேறு வழி இல்லை.

ஹாஜர் என்ற உதவி ஆராய்ச்சிக்காரி கேள்விகளைப் படித்தாள். நான் மப்ரூக்காவின் நாற்காலியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் அவளைத் தனியாகவா விடுவது?

"போன வாரம் மனசுல வெறுமை இருந்துச்சா, அம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

பூஜ்யம்.

"எதுலயும் ஆசை இல்லாமப் போச்சா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

பூஜ்யம். இப்படியே பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இறைவனுக்கு நன்றி சொல்வதில் குறை இல்லை. அதைப் பூஜ்யம் என்று எழுதியவர்களைத்தான் சொல்கிறேன்.

அந்த நான்கு எப்படி வந்தது? சீக்கிரம் களைப்பு, ஒன்று. வாய் உலர்ந்துபோதல், மூன்று. பதற்றத்துக்கு அது அடையாளமாம். நோன்பின் ஐந்தாம் நாள், மாலை நான்கு மணி, வெளியே தார் உருகுகிறது. வாய் உலராதவன் எவன்? கேட்டவளுக்கும் உலர்ந்திருந்தது. எழுதும்போது உதட்டை நக்கிக்கொண்டாள்.

நான்கு மாதமாக இந்த மனுஷி கட்டில் ஓரத்தில் ஒற்றைச் செருப்போடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பாங்கு ஒரு நிமிடம் தாமதமானால் ஜன்னலைத் திறந்து பள்ளிவாசல் மோதினாரைத் திட்டியவள். அவள் தங்கை இறந்ததிலிருந்து இப்படி. அதுதான் காரணம். வேறென்ன இருக்கப்போகிறது?

மே 22

நோன்பு திறக்கும் ஷோர்பா சூப்பில் உப்பு இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

மே 24, வியாழன்

டாக்டர் அனீஸைப் பார்த்தேன். நாற்பது வயது, நல்ல சட்டை. சிரிப்பைப் படிப்போடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள் போலும்.

"ஹாஜியாரே, இந்த அளவுகோலோட நம்பகத்தன்மை பூஜ்யம் புள்ளி தொண்ணூத்தி மூணு. இதுக்கு மேல எங்கயும் பாக்க முடியாது."

"எதோட ஒப்பிட்டு?"

"அதுக்குள்ள இருக்கற கேள்விகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு."

அதாவது தனக்குத் தானே சாட்சி. முப்பத்து நான்கு வருடம் எடை அளவை இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம் இதைச் சொல்கிறார். மீன் சந்தையில் ஒருவன் தராசு வைத்திருந்தான். தொள்ளாயிரம் கிராமை ஒரு கிலோ என்று காட்டும். காலையிலும் காட்டும், மாலையிலும் காட்டும், மழையிலும் காட்டும். ஒரு நாளும் மாறியதில்லை. அவ்வளவு நம்பகம். அந்தத் தராசை நான் பறிமுதல் செய்தேன்.

இதைச் சொன்னேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெளிநாட்டுல மூவாயிரம் பேர்கிட்ட சோதிச்சது ஹாஜியாரே."

"அந்த மூவாயிரம் பேரும் நோன்பு வச்சிருந்தாங்களா?"

அறையில் நான்கு பேர், நான்கு பேருக்கும் வெடித்த உதடு. வாய் உலர்வதைப் பற்றி ஒருவருக்குமே தோன்றவில்லை. ஊரே நோன்பில் இருந்தால் ஊர் முழுக்கப் பதற்றம் என்று எழுதுவார்கள். துக்கம் மட்டும் ஒருவருக்கும் இராது. சுவர்க்கம்தான், கொஞ்சம் தாகத்தோடு.

மே 29, செவ்வாய்

போன வெள்ளிக்கிழமை நடைபாதையில் புள்ளியியல் புத்தகம் ஒன்று வாங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். அதனால் என்ன? மடக்கை வாய்பாட்டை நானே படித்துத்தான் இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதினேன். மூன்று நாளில் புள்ளி தொண்ணூற்று மூன்றின் குட்டு தெரிந்துவிட்டது. எல்லாரும் ஒரே மாதிரி மறைத்தாலும் அந்த எண் உயரும்.

இருபத்தொரு கேள்விகளும் எனக்கு மனப்பாடம். எழுதி எடுத்துக்கொண்டு முடிதிருத்தும் தய்யிப் கடைக்குப் போனேன்.

"யோவ் மொன்ஜி, உன் பொண்டாட்டிக்குத் துக்கமே இல்லன்னு ஆஸ்பத்திரியில சர்ட்டிபிகேட்டே குடுத்திருக்கான். நானா இருந்தா கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டிருப்பேன். நீ சண்டைக்குப் போற."

"பேசாம பதில் சொல்லு. போன வாரம் அழணும்னு தோணுச்சா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

போன மாதம் மகனை விமானம் ஏற்றிவிட்டு வந்து, இதே நாற்காலியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தவன். என் கண்ணால் பார்த்தேன். கடையில் இருந்த ஒன்பது பேரிடமும் கேட்டேன். சராசரி மூன்று.

பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டேன். உன்னை விடு, உன் தெருவில் உன் வயசுக்காரன் ஒருவன் எப்படி இருக்கிறான்?

அடடா. கத்தரிக்கோல் நின்றுவிட்டது. "அவனா, ராத்திரியில தூக்கமே கிடையாது அவனுக்கு. மகன் போன் பண்ணாத நாள்ல சோறு இறங்காது" என்று தய்யிப் ஆரம்பித்தான். எவன் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது பேரின் சராசரி முப்பத்தொன்று. தன் குறையைச் சொன்னால் நன்றி கெட்டதனம். அண்டை வீட்டான் குறையைச் சொன்னால் பொழுதுபோக்கு. இது தெரியாதவன் இந்த ஊரில் எதை அளப்பான்?

ஜூன் 4

அளவுகோலைப் பற்றி எட்டுப் புகார்கள் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் மூன்று படித்தார். "இது அறிவியல் இல்ல ஹாஜியாரே" என்றார். மீன் சந்தைக்காரனும் அன்றைக்கு இதைத்தான் சொன்னான், வேறு வார்த்தையில்.

வெளியே வந்ததும் ஹாஜர் ஒரு பிரதி கேட்டாள். "ரெண்டு வருஷம் முன்னாடி நானும் மூணு புகார் எழுதிக் குடுத்தேன். அதைக் கோப்புல வச்சிருக்காங்க. ஜன்னல் ஆடாம இருக்க அந்தக் கோப்பைத்தான் முட்டுக் குடுத்திருக்காங்க."

இவளிடம் விஷயம் இருக்கிறது.

ஜூன் 12, செவ்வாய்

இரண்டாவது அளவீடு. அளவுகோல் நிலையானதா என்று பார்க்க எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். மீண்டும் நோன்பு நேரம், மீண்டும் அதே தாள். நானும் அதே நாற்காலியில்.

தூக்கம் எப்படி என்று கேட்டதும் மப்ரூக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சு வராத பிள்ளை மாதிரி விழித்தால் நான்தானே சொல்லவேண்டும்? "படுத்தா முழிக்கறதே இல்ல" என்றேன். ஹாஜர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

மொத்தம் நான்கு.

"பாத்தீங்களா? மூணு வாரம் கழிச்சும் அதே நாலு" என்றார் டாக்டர். குழந்தைக்குப் பல் முளைத்ததுபோல் முகம் மலர்ந்திருந்தது.

ஜூன் 15, பெருநாள்

இந்த வருடம் மப்ரூக்கா ஷர்மூலாவுக்கு வெங்காயமே உரிக்கவில்லை. மூன்று நாள் கிளறவேண்டிய குழம்பு. கடையில் வாங்கினேன். உலர்திராட்சைக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டியிருந்தான், திருடன். உப்பு மீன் மட்டும் பரவாயில்லை.

வந்தவர்கள் இருபத்தாறு பேர். "எப்படி இருக்கே மப்ரூக்கா?" என்பது இருபத்தாறு. "அல்ஹம்துலில்லாஹ்" இருபத்தாறு. எண்ணினேன். ஒவ்வொரு முறையும் பக்கத்தில்தான் இருந்தேன்.

எல்லாரும் போனபின் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூடு என்றேன். மூடினாள்.

ஜூன் 20, புதன்

ஹாஜர் தொலைபேசியில் கூப்பிட்டாள். என் அண்டைவீட்டுக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க டாக்டர் சம்மதித்துவிட்டாராம். நோன்பு முடிந்துவிட்டது, மேசையில் தண்ணீர் இருக்கும். வருகிற திங்கள். ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு நிபந்தனை ஹாஜியாரே. நீங்க உள்ள வரக்கூடாது."

"என்னது? நாப்பத்தி மூணு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க தராசு சோதிக்கப் போனா கடைக்காரர் எங்க நிப்பாரு?"

"ரெண்டடி பின்னாடி."

"ஏன்?"

ஏன் என்றால், கடைக்காரன் கை தராசுத் தட்டில் படும். வேண்டுமென்றே பட வேண்டியதில்லை. பழக்கத்தில் படும். இந்த விதியைச் சுற்றறிக்கையில் எழுதிப் போட்டதே நான்தான், எண்பத்தொன்பதில். சிறுக்கிக்கு இதை யார் சொன்னது? நான்தான் சொல்லியிருப்பேன்.

போனை வைத்துவிட்டேன். நானும் மீன்காரனும் ஒன்றா? அவன் கள்ளன். நான் என்ன செய்தேன்? பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்காருவதுகூடவா குற்றம் —

ஜூன் 21

போகவேண்டாம் என்று முடிவு செய்து மப்ரூக்காவிடம் சொன்னேன்.

"போகணும்" என்றாள்.

ஐந்து மாதத்தில் அவள் வேண்டும் என்று கேட்டது இது ஒன்றுதான்.

ஜூன் 25, திங்கள்

நடைக்கூடத்தில் பெஞ்சு. எதிர்ச் சுவரில் கைகழுவும் முறை பற்றிப் படம், ஆறு கட்டம். ஐம்பத்தைந்து நிமிடம் அதைப் படித்தேன். முதல் தடவை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்த தாள் இது.

ஒரு தடவை அவள் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, ஆனால் அந்தக் குரல். ஜன்னல் திறந்து மோதினாரைத் திட்டுகிற குரல். பாதி எழுந்தேன். உட்கார்ந்தேன்.

நாற்பத்து நான்கு. சேர்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் வந்து கை கொடுத்தார். "உங்க அண்டைவீட்டு உத்தி வேலை செஞ்சிருக்கு ஹாஜியாரே. கட்டுரையில நன்றி சொல்லி உங்க பேரைப் போடறேன்."

அவர் போனதும் ஹாஜரைப் பிடித்தேன். "என் கேள்விதானே? அதுல தானே நாப்பத்தி நாலு?"

அவள் தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் மொத்தத்தை மட்டும்தான் பாத்தாரு. ஒப்பிடறதுக்காகப் பழைய தாளை முதல்ல படிச்சேன். ஒரு வார்த்தை மாத்தல. நாப்பத்தி நாலு அதுலயே வந்துடுச்சு. உங்க கேள்விக்குப் போகவே நேரமில்ல."

"வாய் உலர்றது?"

"பூஜ்யம். தண்ணி வச்சிருந்தேனே."

அப்படியானால் அந்தக் கேள்வியைப் பற்றி நான் சொன்னது சரிதான். அதைச் சொன்னேன். அவள் தலையசைத்தாள். வேறு எதைச் சொல்ல முடியும்? தாளைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்றாள். இருபத்தொரு வரியும் எனக்கு மனப்பாடம். எந்த வரிக்கு மூன்று போட்டாள் என்று மட்டும் தெரியாது.

பஸ்ஸில் மப்ரூக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அவள் தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அது மட்டும் இல்ல" என்றாள். வேறு என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 28

கட்டுரையில் என் பெயர் வேண்டாம் என்று டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுதவில்லை. எட்டுப் புகாரில் ஏழு அப்படியே நிற்கிறது என்று எழுதினேன். ஒன்பதாவது ஒன்றும் சேர்த்தேன்: அளக்கும்போது வீட்டார் அறைக்கு வெளியே இருக்கவேண்டும், குறிப்பாகக் கணவன். இதற்கு விளக்கம் கேட்டால் சுற்றறிக்கையைப் பார்க்கச் சொல்லலாம்.

ஜூலை 2, திங்கள்

பேச்சு வைத்தியத்தின் முதல் நாள். கதவு வரை கொண்டுவிட்டேன். காவலாளி, "உள்ள போய் உக்காருங்க ஹாஜியாரே, வெயிலா இருக்கு" என்றான். விதி விதிதான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை.

மாலையில் ஷோர்பா. உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. இந்தத் தடவை உண்மையாகவே சொல்லவில்லை.

மப்ரூக்கா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். "உப்பில்ல" என்றாள். "நல்லாவே இல்ல."

பின்னால் அல்ஹம்துலில்லாஹ் சேர்க்கவில்லை. நான் உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.