நசீமா கேட்கும் பாஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர்
1902 நவம்பர் 4, செவ்வாய்

அல்லாஹ்வின் காவலில் இருக்கும் என் மகன் சாகுல் ஹமீதுக்கு அத்தா நைனா முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உன் அம்மாவும் உன் பெண்சாதி மாஜிதாவும் குழந்தை நசீமாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் உன் கடை முதலாளியும் அப்படியே இருக்க ஐந்து நேரமும் கேட்டுக்கொள்கிறோம். உடம்பைத்தான் சொன்னேன். மனசும் சுகமென்று எழுதினால் பொய்யாகும். பத்து நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. உன் அம்மா, ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துதிய, செத்த நேரம் உக்காருங்களேன் என்று ஏசுகிறாள். 

முதலில் பட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தோல் பதனிடக் கொன்றைப்பட்டை ஏற்றிக்கொண்டு நம் வண்டிக்காரன் கருத்தப்பாண்டி மகாராஜபுரத்துக்கு மேற்கே அடிவாரத்திலிருந்து வந்தான். காட்டு இலாகா கேட்டில் நிறுத்திவிட்டார்கள். பட்டை உரிக்க வாங்கிய பாஸ் செல்லாதாம், வெளியே கொண்டுபோக வேறு பாஸ் வேண்டுமாம், அதில் கையெழுத்துப் போடுகிறவர் மலைமேல் முகாம் போயிருக்கிறாராம். நானே போய்க் கிடந்தேன். ஐப்பசி மழையைக் கேட்க வேண்டுமா, ஆறு நாளில் இரண்டு வண்டிப் பட்டையும் நனைந்து பூஞ்சணம் பூத்துப்போயிற்று. ஆறாம் நாள்தான் தெரிந்தது, அவர் போகும்முன் கையெழுத்துப் போட்ட பாஸ் முதல் நாளே வந்து கேட்டுக்காரன் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. ஏன் தரவில்லை என்றால் மறந்துட்டேன் பாய் என்று பல்லைக் காட்டுகிறான். எனக்கு வந்த கோபத்தில், ஏலே பாவி, அடுத்தவன் காயிதத்தை அமுக்கி வச்சுக்கிட்டு உனக்குச் சோறு எப்படிலே எறங்குச்சு என்று கத்திவிட்டேன். விடுங்க முதலாளி, வாங்க போவோம் என்று கருத்தப்பாண்டி என் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்ததும் நல்லதாயிற்று. அதற்கு மேல் ஏச எனக்கு நா எழவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

இந்த பாஸ் என்கிற சொல் நான் வாலிபனாக இருந்த காலத்தில் நம் பக்கம் கிடையாது. இப்போது எங்கே திரும்பினாலும் அதுதான். எதிர்வீட்டுச் சுயம்புலிங்கம் பரீட்சையில் பாஸ் என்று அவன் அப்பா தெருவெல்லாம் கருப்பட்டி கொடுத்தார். ராஜபாளையத்துக்குத் தோல் கொண்டுபோனால், பட்டணத்துக் கம்பெனி ஆள் ஒவ்வொன்றாக விரித்துத் தடவி இது பாஸ், இது பாஸில்லை என்று இரண்டு பக்கமாக வீசுகிறான், ஆட்டுக்கும் பரீட்சை வைத்துவிட்டார்கள். தாலுகா கச்சேரிக்கு மனுப் போட்டவனைக் கேட்டால் இன்னும் பாஸாகவில்லை என்கிறான். கருத்தப்பாண்டி ஓடையில் மாடு இறங்கிக் கரையேறினதும், மாடு பாஸாயிருச்சு முதலாளி என்கிறான். உன் அம்மாவையும் விடவில்லை, நேற்றுக் கருவாட்டுக் குழம்பை மாஜிதா உள்ளங்கையில் விட்டுக் கொடுக்க, நக்கிப் பார்த்துவிட்டு ம், பாஸ் என்றாள். நாலைந்து மாதமாக நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக பாஸ் பாஸ் என்று புலம்பிக்கொண்டிருந்ததில் அது அடுப்படிவரை போய்விட்டது.

உன் மகளிடமும் போய்விட்டது. நீ கப்பலேறும்போது நாற்பது நாள் குழந்தை, இப்போது மூன்று வயது முடிந்து பேச்சு எட்டூருக்குக் கேட்கிறது. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு குறுக்கே காலை நீட்டிவிடுவாள். யார் வந்தாலும் யார் போனாலும் பாஸ் குடு என்று கையை விரிக்க வேண்டியது. நான் ஒரு துண்டுக் கொன்றைப்பட்டை கொடுப்பேன், திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, சரி போ என்பாள். பால்காரி வெள்ளத்தாய் தினமும் ஒரு புளிய இலை கிள்ளிக்கொண்டு வருகிறாள். நேற்றுச் சாயங்காலம் மாஜிதா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போக வந்தாள். இவள் காலை நீட்டினாள். மாஜிதா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எங்கிட்ட ஏதும்மா பாஸு, ஒங்கத்தா இன்னும் அனுப்பலையே என்று. குழந்தை செத்த நேரம் தாய் முகத்தைப் பார்த்தது. பிறகு தானே காலை மடக்கிக்கொண்டு, பாஸ் வேணாம், நீ போ என்றது.

நான் பின்னால் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. மகனே, நீ ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய கவர் அக்டோபர் இருபத்துநாலாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் கப்பல் பாஸ், மாஜிதாவுக்கு அரபு எழுத்துத் தமிழில் நீ எழுதிய கடிதம், அனுப்பி வையுங்கள் அத்தா என்று எனக்கு நாலு வரி, மூன்றும் பத்திரமாக வந்தன. தோல் கடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், கைப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன், வீட்டில் மூச்சு விடவில்லை. நம் வகையறாவில் பெண்பிள்ளை யாரும் கடல் தாண்டினதில்லை, ஜமாஅத்தில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. நசீமா இல்லாத வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன், அதுதான் காரணம். நவம்பர் பதினைந்தோடு பாஸ் முடிந்துவிடும், முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன். தபால்காரர் நம்ம தெருவுக்கு வாரதே இல்லையா மாமா என்று மாஜிதா நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பாள், மழை பெய்யுதில்லம்மா என்பேன். கேட்டுக்காரனை ஏசினேனே, அவனாவது மறந்துட்டேன் என்றான். எனக்கு அதுகூடச் சொல்ல வழியில்லை.

இன்று காலையில் கவரை எடுத்து மாஜிதா கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். நின்றபடியே உன் கடிதத்தை வாசித்தாள், இரண்டாம் தரமும் வாசித்தாள். இன்னும் பதினோரு நாள் கெடக்கு, போதும் மாமா என்றாள், அம்புட்டுத்தான். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவளுக்கும் சேர்த்து உன் அம்மா ஏசித் தீர்த்துவிட்டாள், அது வேறு. மத்தியானமே தாலுகா கச்சேரிக்குப் போய், ஊரில் கொள்ளைநோய் இல்லை என்று எழுதித் தருகிற பாஸையும் நின்று வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கருத்தப்பாண்டி வண்டி பூட்டுகிறான். சாத்தூரில் ரயிலேற்றித் தூத்துக்குடிவரை நானே கூட வருகிறேன். கொழும்புக்குத் திரும்புகிற மாஜிதாவின் அண்ணன் அல்லா பிச்சை அங்கிருந்து கப்பலில் துணையாக வருவான்.

என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கத் தகப்பனுக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். குழந்தைக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும், தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டச் சொல். மாஜிதாவைப் புது ஊரில் தனியாக விட்டுவிட்டு நாள் முழுக்கக் கடையே கதியென்று கிடக்காதே. மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற பரக்கத்தை ஆண்டவன் தருவான், ஆமீன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நசீமாவுக்கு உன் முகம் தெரியாது. அத்தா என்று ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைக்காதே. உன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு உன்னையே மறித்துக் காலை நீட்டுவாள். இந்தக் கவருக்குள் ஒரு துண்டுக் கொன்றைப்பட்டை வைத்திருக்கிறேன். கையில் வைத்துக்கொள். மோந்து பார்த்து உள்ளே விட்டுவிடுவாள்.

உன் அத்தா
நைனா முகமது