கியர் பாக்ஸ் ஆறட்டும் மச்சான்

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்குக் கூடப்பிறக்காத தம்பியாகிப் போன முனிராஜ் மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. மழை இன்னும் இல்லை. உங்கள் மேட்டுக்காட்டுத் தென்னைக்கு என் போர் கிணற்றுத் தண்ணீரை இப்போது நான்தான் டேங்கரில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் டிராக்டர்தான். சீட்டை என் உயரத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளவில்லை. முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. இடிக்கட்டும்.

தங்கச்சி சுமதியிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாலு மாதமாக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் நான் எப்பேர்ப்பட்ட வாயாடி என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாய்தான் இப்போது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நாலு பேர் பார்க்க உங்களுக்கு எழுதி, பத்திரிகை அச்சிலும் ஏற்றிவிட்டால், பிறகு நான் நழுவ முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கியர் பாக்ஸ் நிஜமாகவே சுட்டது, மாப்பிள்ளை. அதில் நீங்கள் பொய் சொல்லவில்லை. நாலாயிரம் லிட்டர் தண்ணீரைப் பின்னால் மாட்டிக்கொண்டு கரட்டு மேட்டை ஏறி முடித்தால், காலடியில் இருக்கிற அந்த இரும்புக் கூட்டின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு வரும். மேலே சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பீர்கள். “கியர் பாக்ஸ் ஆறட்டும் மச்சான்” என்பீர்கள்.

நான் சும்மா இருப்பேனா? “கொழந்தைக்கு ஜொரம் பாக்கற மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்களே மாப்ள, கசாயம் வெச்சிக் குடுக்கட்டுங்களா?” என்று கேட்பேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

மாசி மாதத்தில் மொரப்பூரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம். அவர் ஆயிலை இறக்கினார். மோர் மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. கியர் ராடின் அடியில் இருந்த ரப்பர் கிழிந்து, அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தண்ணீர் எப்படி வந்தது என்று அவர் கேட்டபோது, நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். வண்டி சுடுகிறதே, குளிர வைக்கிறேன் பேர்வழி என்று தினமும் தண்ணீர் ஓஸைப் பிடித்து அதன் மேலேயே பீய்ச்சி அடித்தவன் நான்தானே! என்னைக் காட்டிக்கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை.

“வெளியில தண்ணி ஊத்தினா உள்ள ஆறுமாங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டார் மெக்கானிக். ரப்பரை மாற்றி, புது ஆயிலை அளவு பார்த்து ஊற்றினார். “ஏத்தத்துக்கு முன்னாடியே சின்ன கியருக்கு வந்துடுங்க. நடுவுல மாத்தாதீங்க. கிளட்ச் மேல கால வெச்சிக்கினே போவாதீங்க. முக்கியமா, லோடோட ஏத்தத்துல நிறுத்தாதீங்க. நிறுத்தி எடுத்தாதான் சூடே ஏறும். இப்படி ஓட்டினீங்கன்னா இனிமே சுடாது.”

நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

அதற்குப் பிறகுதானே மாப்பிள்ளை நீங்கள் ஏற்றத்தின் நட்டநடுவில், அந்தக் கல்லுக்குழி வளைவில் நிறுத்தத் தொடங்கினீர்கள்? ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை அணை கொடுத்துவிட்டு, குழிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். கேட்டால் அதே பாட்டு. கியர் பாக்ஸ் ஆறட்டும் மச்சான். வண்டி தெரிந்தவன் எவனாவது நாலாயிரம் லிட்டரோடு மேட்டு நடுவில் நிறுத்துவானா? உங்களை விட வண்டி தெரிந்தவர் நம் பக்கத்தில் யார் இருந்தார்கள்? இது என் மண்டையில் ஏறவே இல்லை. நேரம் போகிறதே என்று எரிச்சல்தான் ஏறியது.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. போர் ஓட்டுகிற மும்முனை கரண்ட் காலை ஒன்பதுக்கு வந்தால் மூன்று மணிக்குப் போய்விடும். அதற்குள் எத்தனை டேங்கர் நிரப்புகிறோமோ அத்தனைதான் மரத்துக்கு. நீங்கள் வளைவில் உட்காருகிற நேரத்தைக் கூட்டினால் ஒரு நாளைக்கு ஒரு நடை போய்விடும். ஒரு நடை என்றால் நாலு மரம்.

அந்தச் சித்திரை வெயிலில், மணி ஒன்றே முக்கால் இருக்கும். நான் பின்சக்கரத்து மட்காடு மேல் உட்கார்ந்திருந்தேன். வளைவு வந்ததும் நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். நான் கத்தினேன்.

“ஓட்டுங்க மாப்ள! கரண்டு போயிரும், இன்னும் ஒரு நடை அடிக்கணும். கியர் பாக்ஸ் என்னா செத்தா போயிரும்?”

திரும்பி என்னைப் பார்த்தீர்கள். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். “சரிங்க மச்சான்” என்றீர்கள். நிறுத்தாமல் ஏறினீர்கள்.

தோப்பில் வால்வைத் திறந்து, ஓஸை முதல் பாத்தியில் போட்டுவிட்டு, தென்னையில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். நான் அந்தப் பக்கம் வாய்க்கால் கட்டிக்கொண்டிருந்தேன். “பாத்தி ரொம்பிடிச்சி மாப்ள, ஓஸை மாத்துங்க” என்று சத்தம் போட்டேன். இரண்டாம் முறை திட்டவும் செய்தேன். வந்து பார்த்தால், தண்ணீர் பாத்தியை மீறி வழிந்து உங்கள் காலடியில் தேங்கிக் கிடந்தது. நீங்கள் காலை இழுத்துக்கொள்ளவே இல்லை.

ஐயோ மாப்பிள்ளை, நான் என்ன வார்த்தை சொல்லிவிட்டேன்!

நீங்கள் வளைவில் நிறுத்துவதை நான் தினமும் வூட்டில் குறை சொன்னதில் சுமதிக்கும் அது தெரியும். வூட்டில் கிடத்திய பிறகு அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அண்ணா, அந்த வளைவுல நிறுத்திட்டுதான வந்தாரு? கொஞ்சம் எளைப்பாறிட்டுதான வந்தாரு?”

“ஆமாம்மா, நிறுத்தினாரு. தண்ணி குடிச்சாரு. சிரிச்சிக்கினுதான் இருந்தாரு” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் அதையே சொல்கிறாள். “எங்கண்ணன் கூட இருந்துச்சு. ஒக்கார வெச்சி, தண்ணி குடுத்துதான் கூட்டியாந்துச்சு.” அவர்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

போன மாதம் ஸ்பேனர் தேடி டூல்ஸ் பாக்ஸைக் கொட்டினேன். பழைய துணிக்குள் சுருட்டி ஒரு மாத்திரை அட்டை. பத்தில் மூன்று மிச்சம். கடத்தூர் மருந்துக் கடையில் காட்டினேன். “நெஞ்சு வலிக்குப் போடறதுங்க. நாக்குக்கு அடியில வெச்சிட்டு, கொஞ்ச நேரம் அசையாம ஒக்காரணும்” என்றார் கடைக்காரர். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தினமும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எரிந்து விழுந்தவன் நான்தானே.

ஏன் மாப்பிள்ளை சொல்லவில்லை? சொன்னால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வோம் என்றா? மரத்தை விடச் சொல்வேன் என்றா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் டேங்கரை என் முதுகிலேயே சுமந்து வந்திருக்கமாட்டேனா? வந்திருப்பேனா? உங்களுக்கு என்னைத் தெரியும். ஒருவேளை அதனால்தான் சொல்லவில்லை.

மரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். நாற்பதில் பதினேழு குருத்து சாய்ந்துவிட்டது. மிச்சமும் நிற்காது. அது எனக்கும் தெரியும், சுமதிக்கும் தெரியும். விடு என்றால் அவள் கேட்பதில்லை. இப்போது மட்காடு மேல் நான் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்து வருகிறாள். வளைவு வந்ததும், “நிறுத்துங்கண்ணா, அவரு இங்கதான நிறுத்துவாரு” என்கிறாள். இறங்கி, உங்கள் கல்லை அவளே சக்கரத்துக்கு வைக்கிறாள். குழியைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். நான் வேறு வேலை இல்லாமல் கியர் பாக்ஸ் மேல் புறங்கையை வைக்கிறேன். உச்சி வெயிலில்கூட கை வைத்த இடத்தில் அப்படியே வைத்திருக்க முடிகிறது. வண்டி உங்களை ஏமாற்றவில்லை, மாப்பிள்ளை. நான்தான்.

இது அச்சில் வருகிற அன்று, வேறு யார் வாயாலும் அவள் கேட்கும் முன், முதல் நடையில் அந்த வளைவில் வைத்து இந்தத் தாளை அவள் கையில் கொடுப்பேன். இது சத்தியம். படித்த பிறகு அவள் நான் ஓட்டுகிற வண்டியில் ஏற மாட்டாள். என் வூட்டு வாசலையும் மிதிக்க மாட்டாள். மன்னிப்பு கேட்கும் தைரியம் எனக்கு இல்லை, கிடைக்கும் என்ற நினைப்பும் இல்லை. கடைசி மரம் சாயும் வரை தண்ணீர் வரும். மெக்கானிக் என்ன சொன்னாலும் சரி, கரண்ட் போனாலும் போகட்டும், இனி ஒரு நடையும் அந்த வளைவில் நிற்காமல் மேலே போகாது. இரண்டு வார்த்தை மட்டும் இனி உங்களுக்குப் பதிலாக நான் சொல்லிக்கொள்கிறேன். ஆறட்டும் மச்சான்.

ஒரே ஒரு நடை உங்களை நிறுத்த விடாத
உங்கள் மச்சான்,
மாது