அப்பா வாங்கிச் சேர்த்த சைகோன் காசு

அரியாங்குப்பம்
கார்த்திகை 8

அன்பு முகிலனுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உன் தங்கச்சி சுடர்விழியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், தோஹாவுல நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு தினம் விளக்கேத்தும்போது நெனைச்சுக்கறேன். போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு கேப்ப. போன்ல இதைச் சொல்ல வாயெடுத்தா அழுகைதான் வருது. உன்னோட வேலை செய்யிற நெடுமாறன் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை கெளம்புறாராம், அவர்கிட்ட இதையும் கொஞ்சம் வடகமும் கொடுத்தனுப்புறேன். தனியா உக்காந்து படி.

போன வாரம் நீ சொன்னது ராத்திரி பகலா மண்டைக்குள்ளயே ஓடுது. அப்பா சேர்த்து வச்ச காசையெல்லாம் யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா, பழைய காசு ஒண்ணு ஒண்ணும் லட்சக்கணக்குல போகுதாம், நான் ஒரு லட்சம் சேர்த்து வச்சிருக்கேன், அதுக்கும் வாங்கிப் போட்டுடலாம்னு சொன்ன. நான் ஊம் ஊம்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். உங்க அப்பா உயிரோட இருந்தவரைக்கும் அந்தக் காசு என்னாச்சுன்னு புள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லிட்டார், அதனால உனக்கு ஒண்ணும் தெரியாது.

மில்லு மூடினப்ப வந்த செட்டில்மென்ட் பணத்துல உழவர்கரையில அரை மனை வாங்கலாம்னு நான் சொன்னேன். உங்க அப்பா கேக்கல. மில்லுல கூட வேலை செஞ்ச விஜயராகவன், பிரெஞ்சு பென்ஷன்காரங்க வீடுங்களுக்கெல்லாம் போய் வந்துக்கிட்டு இருந்தவர், அவங்க பாட்டன்மாருங்க வியட்நாம் சைகோன்ல பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தாவா இருந்துட்டுக் கொண்டாந்த பெரிய வெள்ளிக் காசு, பியாஸ்தர்னு சொல்லுவாங்க, அதைக் கொண்டாந்து காட்டினார். தங்கம் ரெண்டு பங்கு ஏறினா இது பத்து பங்கு ஏறும் கோவிந்தராசு, இனிமே யாரு அடிக்கப்போறா இந்தக் காசைன்னார். பதினோரு வருசத்துல முப்பத்தொரு காசு. எட்டாயிரம் பத்தாயிரம்னு கொடுத்து வாங்கினது. தீபாவளிக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துக்காத மனுசன்.

ஆனி மாசம் சுடருக்கு நர்சிங் சீட்டு கெடைச்சுதே, அப்பதான் விக்கலாம்னு முடிவு பண்ணார். சென்னையில ஒரு கடைக்காரர்கிட்ட பேசிட்டு, நீயும் வான்னு என்னையும் கூப்பிட்டார். அன்னிக்குக் காலையில அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார், நான் பெட்டியத் தெறந்து பார்த்தேன். எல்லாம் கறுத்துப்போய் கெடந்துச்சு. இப்படிக் கொண்டுபோனா எவன் வாங்குவான்னு தோணிச்சு முகிலா. புளியும் பாத்திரம் விளக்குற பவுடரும் போட்டு, தேங்காநார் வச்சு, முப்பத்தொரு காசையும் ஒண்ணு விடாம தேச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு. துண்டுல பரப்பிக் காயவச்சுட்டு, பார்த்தா சந்தோஷப்படுவார்னு வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வந்து பார்த்தவர் அப்படியே நின்னார். கையில இருந்த பையக்கூட கீழ வைக்கல. அப்புறம், துணியில சுத்து வசந்தா, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு மட்டும் சொன்னார். ஏன் அப்படி நின்னார்னு எனக்கு அப்பப் புரியல.

கடைக்காரர் வயசானவர், நல்ல மாதிரிதான் பேசினார். ஒவ்வொண்ணா எடை போட்டார், பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தார், காந்தத்தை வச்சுப் பார்த்தார். பதினோரு காசை ஒரு பக்கமா ஒதுக்கி, இதெல்லாம் இப்ப அடிச்ச போலி சார்னார். உங்க அப்பா முகம் செத்துப்போச்சு. மீதி இருபதுல நாலு ரொம்ப அரிதான வருசமாம், அந்தக் கறுப்போட அப்படியே இருந்திருந்தா பழைய காசு சேர்க்கறவங்க ஆசைப்பட்டு நல்ல விலை கொடுப்பாங்களாம். அவர் கண்ணாடியக் கழட்டி, யாரு சார் இதைத் தேச்சதுன்னு கேட்டார். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். உங்க அப்பா கொஞ்சம்கூட யோசிக்கல, நான்தாங்க, அழுக்கா இருக்கேன்னு தேச்சுட்டேன், எனக்கு இதெல்லாம் தெரியாதுங்கன்னார். அந்தக் கடையில வேலை செய்யிற ரெண்டு பேர் சிரிச்சாங்க. நான் தேச்சேன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரமாகும், சொல்லல.

எடைக்கு வேணா வாங்கிக்கறேன்னார் கடைக்காரர். நாங்க விக்கிற விலையப் பார்த்துட்டு எல்லாரும் ஏமாந்துடுறாங்க சார், நாங்க வாங்குற விலை அதுல பாதிகூட வராது, அதுக்கும் ஆசைப்பட்ட ஆள் வரணும், வயித்துக்கு வேணும்னு நெனைக்கிறவங்க இதுல பணத்தப் போடக்கூடாதுன்னார். உங்க அப்பா கும்பிடு போட்டுட்டு எல்லாத்தையும் துணியில சுத்தித் திருப்பி எடுத்துக்கிட்டார். வர்ற வழியில மரக்காணம் தாண்டினதும், காலையிலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலியேன்னார். அதுக்கு மேல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல, கடைசி வரைக்கும் என்னை ஒரு சொல்லு கேட்டதில்ல. திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

விஜயராகவன் சட்டையப் பிடிச்சுக் கேக்கறேன்னு ஒருநாள் போனார். அந்த மனுசன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கெடக்கறாராம். அவர் சம்சாரம் அலமாரியத் தெறந்து, எங்ககிட்டயும் நாப்பது காசு இருக்குண்ணா, வைத்தியத்துக்கு ஆவும், எங்க விக்கலாம்னு சொல்லுங்கன்னு கேட்டுச்சாம். அவரும் நம்பித்தான் வாங்கியிருக்கார். உங்க அப்பா வீட்டுக்குப் பழம் வாங்க வச்சிருந்த நூறு ரூபாய அங்க வச்சுட்டு வந்துட்டார்.

அப்ப நீ விசா கடனையே அடைச்சுக்கிட்டு இருந்த, உன்கிட்ட கேக்கக்கூடாதுன்னுட்டார். காசை எடைக்குப் போட அவருக்கு மனசு வரல, என் ஜிமிக்கிய அடகு வச்சு சுடருக்கு மொத தவணை கட்டினோம். அடுத்த தவணைக்குத்தான் இங்க பாண்டி மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனியில அந்த வாட்ச்மேன் வேலை. வீட்ல சும்மா இருக்க முடியலடான்னு உன்கிட்ட சொன்னாரே, அது பொய்யிப்பா. அறுபத்திமூணு வயசுல பன்னெண்டு மணிநேரம் கேட்டுல நின்னார். புரட்டாசியில அந்த கேட்டுலயே விழுந்தார். மீதி உனக்குத் தெரியும். உங்க அப்பா காரியத்துக்கு எங்கேருந்தும்மா பணம்னு கேட்டியே, சேர்த்து வச்சிருந்தேன்னு சொன்னேன். அந்த இருபது காசையும் நகைக்கடையில எடைக்குப் போட்டுத்தான் பண்ணேன். நீ பத்திரமா வைக்கச் சொன்ன பெட்டியில இப்ப இருக்கறது அந்தப் பதினோரு போலிதான்.

அதனால காசும் வேணாம், அந்த ஆசையும் வேணாம் தம்பி. அந்த ஒரு லட்சத்துல தங்கச்சிக்குத் தைக்குள்ள ரெண்டாவது தவணைய அனுப்பு, மீதிய பேங்குல போடு. படிப்ப விட்டுட்டு ஜவுளிக்கடைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். காசத் தேச்சது நான்னு அவளுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லாத, நானே சொல்லணும்.

வெயில்ல மாடியேறி ஏ.சி. மாட்டும்போது இடுப்புல கயிறு கட்டிக்க மறக்காத. நீ நூறு வருசம் நல்லா இருக்கணும், உங்க அப்பா உன்கூட இருந்து பார்த்துக்குவார். படிச்சதும் போன் பண்ணு. கோவமா இருந்தா திட்டிடு, ஆனா பண்ணாம இருந்துடாத.

இப்படிக்கு
உன் அம்மா
கோ. வசந்தா