பன்னிரண்டாவது பாட்டுக்கு இரண்டு மதிப்பெண்

பத்து மாதமாக என் மேசை டிராயரில் கிடந்த உன் இயர்போனை இன்று மத்தியானம் வெளியே எடுத்தேன். உன் பக்கத்துக் குமிழில் நீ சுற்றிவைத்த சிவப்பு நூல் இன்னும் அவிழவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாங்கிய மரிக்கொழுந்தையும் இதையும் ஒரே பையில் போட்டு வைப்பாயே, அந்த வாசம்கூட லேசாக இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்ததை அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் வந்து நீ வேலை பார்த்த நூலகத்தில் இருந்த உன் சாமான்களை எடுத்துப்போன அன்று, இதையும் உன் பழைய போனையும் மட்டும் என்னிடம் கொடுத்தார். "இது உங்க ரெண்டு பேரோடதும்தான்" என்றார். தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு தொடத் தைரியம் வரவில்லை.

இப்போது தொட்டதற்குக் காரணம் அவனியாபுரத்துப் பாட்டுக்குழுப் பையன்கள். பையன்கள் என்று நாம் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது, கிட்டார் வாசிக்கிறவனுக்குத் தலை நரைத்தாயிற்று. நேற்றுக் கூப்பிட்டான். இத்தனை வருடத்துப் பாட்டுகளில் சிறந்தவை என்று பன்னிரண்டைத் திரட்டி ஒரே தொகுப்பாக வெளியிடப்போகிறார்களாம். பதினொன்று முடிவாகிவிட்டது. பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பாட்டு நிற்கிறது, குழுவுக்குள் அடிதடி.

"அக்கா, எங்களப் பாராட்டுனவுங்க நெறையப் பேரு. நேர்மையா மார்க்குப் போட்டது நீங்க ரெண்டு பேருதான். அந்தக்கா இல்ல. நீங்க சொல்லுங்க, அதான் முடிவு."

எந்த இரண்டு என்று கேட்டேன். நீ ஊகித்திருப்பாய். உன் 'செங்கச் சூளை'. என் 'மழைக்கு ஒதுங்கினவன்'.

நம் சண்டை தொடங்கிய இடமே அந்த இரண்டு பாட்டும்தானே. வில்லாபுரத்தில் ஏறி, மாட்டுத்தாவணியில் மாறி, ஒத்தக்கடையில் இறங்குகிற ஒரு மணி நேரத்தில், ஆளுக்கொரு குமிழைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்போம். சாயங்காலம் நம் ஃபேஸ்புக் பக்கத்தில் உன் மதிப்பெண்ணையும் என் மதிப்பெண்ணையும் அருகருகே போடுவோம். ஒரு பாட்டுக்காவது இரண்டும் ஒத்துப்போனதில்லை. 'செங்கச் சூளை'க்கு நீ ஒன்பது, நான் மூன்று. 'மழைக்கு ஒதுங்கினவ'னுக்கு நான் ஒன்பது, நீ நான்கு. ஒரே பஸ்ஸில் ஒரே பாட்டைக் கேட்டவர்களா இவர்கள் என்று ஆட்கள் வந்து சிரித்துவிட்டுப் போவார்கள்.

நான் மார்க்குப் போட யோசிக்கும்போதெல்லாம் உனக்குப் பொறுக்காது. "மார்க்கு என்ன ஒங்கப்பன் வீட்டு நெல்லா, இம்புட்டு யோசிக்கிற?" என்பாய். ஆனால் நீ ஒன்றும் அள்ளிக் கொடுத்தவள் இல்லை. ஒருதரம் உன் பிறந்தநாள் என்று உனக்குப் பிடித்த பாட்டுக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டேன். ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாய். "எனக்காகப் போடுற மார்க்கு எனக்கு வேணாம். பாட்டுக்குப் போடு."

அதனால்தான் நேற்றிலிருந்து எனக்குப் பயம். உன் பாட்டைச் சொன்னால், செத்துப்போனவளுக்கு இரக்கப்பட்டுச் சொன்னதாகிவிடும். என் பாட்டைச் சொன்னால், எதிர்த்துப் பேச ஆள் இல்லாத நேரத்தில் ஜெயித்ததாகிவிடும். இரண்டுமே உனக்கு ஆகாது.

சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போனேன். நீ உட்கார்ந்த மூலையில் உட்கார்ந்து உன் போனைச் சார்ஜில் போட்டு இயர்போனைச் செருகினேன். ஒரு குமிழை என் காதில் வைத்துவிட்டேன், நூல் கட்டிய குமிழ் மடியில் கிடந்தது. பழக்கம் அப்படி. நியாயமாகக் கேட்க வேண்டுமென்றால் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அதையும் எடுத்து இன்னொரு காதில் வைத்தேன்.

நம்பு. இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் முதல்முறையாக அவர்கள் பாட்டை இரண்டு காதிலும் கேட்கிறேன். வீட்டில் மாமியாரின் சீரியலுக்கு நடுவே பாட்டு ஏது? எனக்குப் பாட்டு என்றால் பஸ், பஸ் என்றால் நீ.

'செங்கச் சூளை' தொடங்கியதும் இடது காதில் ஓர் உறுமி எழுந்தது. ஓரமாக எங்கோ கேட்கிற உறுமி இல்லை, பாட்டையே தூக்கிக்கொண்டு நடக்கிற உறுமி. செங்கல் சுமக்கிறவளின் மூச்சு மாதிரி ஏறி இறங்கி, அவள் கூலி கேட்கிற இடத்தில் சட்டென்று நின்று, பிறகு மறுபடி முனகத் தொடங்குகிறது. இப்படி ஒரு உறுமி அந்தப் பாட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

இடது குமிழைக் கழற்றினேன். உறுமி போய்விட்டது. குரலும் கிட்டாரும் மட்டும். எனக்குத் தெரிந்த அதே சப்பைப் பாட்டு.

கிட்டார்க்காரனை அப்போதே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டான். அந்த நாளில் அவர்களிடம் இரண்டு மைக்தான் இருந்ததாம். கலக்கவும் தெரியாதாம். கிட்டார் முழுக்க வலப்பக்கம், தாளம் முழுக்க இடப்பக்கம், குரல் மட்டும் இரண்டிலும் என்று அப்படியே வெளியிட்டுவிட்டார்கள்.

உனக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் குமட்டும். பெண்கள் சீட்டு இடது பக்கம். ஆக, ஏறிய நாளிலிருந்து உனக்கு இடது குமிழ், எனக்கு வலது. எனக்குக் காதில் சீழ் வந்து, ஒருவர் குமிழை ஒருவர் மாற்றிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு நீ சிவப்பு நூலையும் கட்டிவிட்டாய். நீ உறுமியைக் கேட்டு மார்க்குப் போட்டாய், நான் கிட்டாரைக் கேட்டு மார்க்குப் போட்டேன். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன நம் லட்சணம் இதுதான்.

பிறகு என் பாட்டை உன் பக்கத்துக் காதால் மட்டும் கேட்டுப் பார்த்தேன். ஐயோ. கிட்டாரே இல்லை. ஒருவன் பாடுகிறான், பின்னால் நாலு நிமிஷமும் சலங்கை ஜல் ஜல் ஜல் என்று ஒரே சீராக ஆடுகிறது. அவ்வளவுதான் மொத்தப் பாட்டும். அதைக் கேட்டுவிட்டு நீ நான்கு மார்க் போட்டிருக்கிறாய். நானாக இருந்தால் ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டேன். எனக்குச் சிரிப்பு வந்து, அது அடங்குவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்த பெண் ஒருத்தி, "மேடம், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். பொய்யில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பஸ் நரசிங்கம் நிறுத்தத்தைத் தாண்டுகிற இடத்தில் ஒருநாள் நீ நூல் கட்டிய குமிழைக் கழற்றி என்னிடம் நீட்டினாய்.

"இந்தா, ஒரே ஒரு தடவ இதப் போட்டுக் கேளு. அப்புறம் பேசு."

"ஒன் காதழுக்கையும் நான் வாங்கணுமாக்கும்?" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தார். மறுபடி நீ நீட்டவே இல்லை. உனக்கு அப்போதே தெரிந்திருந்ததா? வீட்டில் தனியாக இரண்டு காதிலும் கேட்டிருப்பாயோ? தெரிந்தும் சண்டை ருசியாக இருக்கிறது என்று விட்டுவைத்தாயா? செய்யக்கூடியவள்தான் நீ. நான் வாங்கிக் கேட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தை நான் வீம்பில் விட்டது எனக்கு வருத்தம்தான்.

சாயங்காலம் தனியாக பஸ்ஸில் வந்தபோது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறி ஏழெட்டுத் தடவை கேட்டேன். 'மழைக்கு ஒதுங்கினவன்' நல்ல பாட்டு, இப்போதும் சொல்வேன். ஆனால் அதை வலது காதாலேயே கேட்டு முடித்துவிடலாம், சலங்கை போனால் ஒன்றும் குறையாது. 'செங்கச் சூளை'யில் பாதியை எடுத்தால் மீதி படுத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கிறது. வில்லாபுரத்தில் இறங்கியதும் கிட்டார்க்காரனைக் கூப்பிட்டு, 'செங்கச் சூளை' என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பிறகு அவன், "இப்ப நல்லாக் கலந்து போட்றலாம்க்கா, ரெண்டு பக்கமும் எல்லாம் கேக்கும்" என்றான்.

"கலக்காதப்பா. இருக்குறபடியே போடு."

இன்னும் எந்த பஸ்ஸிலோ இரண்டு பேர் ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு போவார்கள். அவர்களும் கொஞ்சம் சண்டை போடட்டும்.

பத்து மாதம் கழித்து நம் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தேன். எப்போதும்போல 'செங்கச் சூளை'க்கு இரண்டு மதிப்பெண்ணையும் அருகருகே போட்டேன். உன் ஒன்பதை அப்படியே விட்டேன். என் மூன்றை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். ஒன்பதாக்கிவிடலாமா என்று விரல் கொஞ்சம் தயங்கியது. நீ பேசாமல் இருந்த அந்த ஒருநாள் ஞாபகம் வந்தது.

எட்டுதான். அந்தக் கிட்டார் இன்னும் சப்பைதான்டி.